ரோலிங் ஷட்டர், குளோபல் ஷட்டர்: நிரையடைப்பு, ஒருங்கடைப்பு எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேமராவில் ஒளியைப் படமாகப் பதியும் சில்லுதான் உணரி (சென்சார்). அது பதிவதற்கு ரோலிங் ஷட்டர், குளோபல் ஷட்டர் என இரண்டு முறைகள் உண்டு. ரோலிங் ஷட்டருக்கு ‘உருள் மூடி’, குளோபல் ஷட்டருக்கு ‘உலகளாவிய மூடி’ என்று இங்கே வந்த இரண்டு பரிந்துரைகளையும் படித்தேன். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. உணரிக்குள் எதுவும் உருளவில்லை. உலகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலூரில் கல்யாண வீடியோ எடுக்கும் பையன்களுக்கு நான் கேமரா வகுப்பு எடுக்கிறேன். பெயரைக் கேட்டதுமே உள்ளே நடப்பது அவர்களுக்குப் பிடிபட வேண்டும். அதற்குத்தானே கலைச்சொல்?

முதலில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். செல்போனிலும் பெரும்பாலான கேமராக்களிலும் உள்ள சிமாஸ் (CMOS) வகை உணரி, படத்தை நிரை நிரையாக, அதாவது ஒவ்வொரு கிடைவரிசையாகப் பதிகிறது. முதல் நிரை ஒளி வாங்கி முடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் கடைசி நிரை முடிக்கும். நொடியில் சிறு பகுதிதான், ஆனால் அதற்குள் பொருள் நகர்ந்துவிடுகிறது. காட்பாடி தாண்டி வேகமெடுக்கும் ரயிலின் ஜன்னலிலிருந்து தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்களைச் செல்போனில் படமெடுத்தால், நேராக நிற்கும் கம்பம் படத்தில் சாய்ந்திருக்கும். மண்டபத்து எல்இடி திரைக்கு முன்னால் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதும் இதனால்தான். அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. ஒவ்வொரு நிரையும் வேறொரு கணத்தைப் பார்க்கிறது.

குளோபல் ஷட்டரில் எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் முடிக்கின்றன. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்பா 9 மூன்றாம் பதிப்புதான் இந்த வசதியோடு வந்த முதல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா (பழைய ஃபிலிம் அளவு உணரி, உள்ளே கண்ணாடி இல்லாத அமைப்பு). சுமார் 2.46 கோடி பிக்சல், நொடிக்கு 120 படம்.

எல்லாப் பிக்சலையும் ஒன்றாக அடைக்கும் எண்ணம் புதிதல்ல. 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி (CCD) என்ற சில்லு, பிறகு உணரியாக வீடியோ கேமராக்களுக்குள் வந்தபோது, பல வகைகளில் ஒளியால் உண்டான மின்னூட்டம் எல்லாப் பிக்சலிலிருந்தும் ஒன்றாகவே பக்கத்தில் ஒளி படாமல் மறைத்த செங்குத்து வரிசைக்கு இறங்கிவிடும். 1990-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழுவினர் சிமாஸ் உணரியை வளர்த்தெடுத்தார்கள். விலை குறைந்தது, மின்சாரம் மிச்சமானது, செல்போனுக்குள் கேமரா வந்தது. ஆனால் பதிவு நிரை நிரையாக மாறிப்போனது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். குளோபல் ஷட்டருக்கு ‘ஒருங்கு வாசிப்பு’ என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். வாசிப்பு என்பது பதிந்த மின்னூட்டத்தை அளந்து வெளியே எடுப்பது. நல்ல தமிழ்தான், ஆனால் பொருள் தவறிவிடும். குளோபல் ஷட்டர் உணரியிலும் வாசிப்பு நிரை நிரையாகவே நடக்கிறது! ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளி படாத ஒரு சேமிப்பு மூலை உண்டு. எல்லாப் பிக்சலும் தம் மின்னூட்டத்தை ஒரே கணத்தில் அதற்குள் தள்ளிவிடுகின்றன. அப்புறம் வரிசையாக வாசித்துக்கொள்ளலாம். ஒன்றாக நடப்பது ஒளி வாங்கத் தொடங்குவதும் அதை அடைப்பதும்தான், வாசிப்பு அல்ல. அந்த மூலை பிக்சலுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் ஒளியால் வரும் மின்னூட்டத்தைத் தேக்கும் திறனில் கொஞ்சம் இழக்க நேர்கிறது. மேலே சொன்ன கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) வழக்கத்தைவிட உயர்வாக 250-இல் தொடங்குவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே ஷட்டருக்கு ‘அடைப்பு’ என்பதை முன்வைக்கிறேன். மருத்துவமனை ஊரான வேலூரில் அடைப்பு என்றால் இதயம்தான் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். ஆனால் கதவடைப்பும் கடையடைப்பும் அதைவிடப் பழகிய சொற்கள், கடையடைப்பில் இறக்குவதும் ஷட்டரைத்தான். எங்கள் ஊர்க் கடைத்தெருவான லாங் பஜாரில் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கடையாக ஷட்டரை இறக்கினால் அது ரோலிங். எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் இறக்கினால் குளோபல்.

‘வரியடைப்பு’ என்றால் நகராட்சிக்குப் பணம் கட்டுவதுபோல் ஆகிவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கில் அணிகள் பாடத்தில் கிடைவரிசைக்கு ‘நிரை’, செங்குத்து வரிசைக்கு ‘நிரல்’ என்று படிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், பொருளும் பிசகாது. எனவே ரோலிங் ஷட்டர் ‘நிரையடைப்பு’, குளோபல் ஷட்டர் ‘ஒருங்கடைப்பு’. உணரியோடு சேர்த்தும் சொல்லலாம்: ஒருங்கடைப்பு உணரி. கம்பம் சாய்வதை ‘நிரையடைப்புச் சாய்வு’ என்றால் வகுப்பில் விளக்கமே வேண்டியிருக்காது.

மற்றவை சுருக்கமாக. பேக் இல்லுமினேட்டட் உணரிக்குப் ‘பின்னொளி உணரி’ வேண்டாம். டிவித் திரையின் பேக்லைட்டுக்கு அந்தச் சொல் போய்விட்டது. சில்லின் பின்பக்கத்தால் ஒளி வாங்குவதால் ‘பின்முக உணரி’ சரியாக வரும். பிக்சல் அடுக்கின் கீழே மின்சுற்று அடுக்கை ஒட்டிய ஸ்டாக்ட் உணரிக்கு ‘அடுக்குணரி’யில் எனக்கு மறுப்பில்லை. பிக்சலைப் பிக்சல் என்றே விட்டுவிடலாம்.

எனக்குத் தடுமாற்றம் ஈவென்ட் உணரியில்தான். அதில் நிரையும் இல்லை, ஒருங்கும் இல்லை. வெளிச்சம் மாறிய பிக்சல் மட்டும் தனியாகத் தகவல் அனுப்புகிறது. முழுப்படம் என்ற ஒன்றே கிடையாது. ‘நிகழ்வு உணரி’ என்பதைவிட ‘மாற்றவுணரி’ பொருந்தும் என்று படுகிறது. இயந்திரப் பார்வை (மெஷின் விஷன்) துறையில் இருப்பவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.