உள்ளூர்ச் சேனலும் அரசின் விதிகளும்: ஒரு கேபிள்காரரின் அனுபவம்

காங்கேயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் கேபிள் இணைப்பும் அதனுடன் ஓர் உள்ளூர்ச் சேனலும் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கொப்பரை விலை, காதணி விழா வாழ்த்து, இரங்கல் அறிவிப்பு, குண்டம் திருவிழா நேரலை ஆகியவையே எங்கள் நிகழ்ச்சிகள். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் அளவில்தான் எங்களுக்கு அறிமுகமாகியிருந்தது.

அதன் கனம் ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது புரிந்தது. வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் பென் டிரைவுடன் வந்து, “நம்மூர் டிவிதானுங்களே, இதுக்கெல்லாம் எதுக்குங்க சர்டிபிகேட்?” என்றார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டு ஆணைப்படி, கேபிளில் வரும் அரசியல் விளம்பரத்துக்கும் முன்சான்று கட்டாயம் என்பதை எடுத்துச் சொல்லி, மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவின் சான்று வரும்வரை நான் அதை ஒளிபரப்பவில்லை. மாமன், மச்சான் என்று எல்லோரும் உறவாக இருக்கும் ஊரில், முகம் முறியாமல் மறுப்பதற்கு அந்த விதி எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

ஆனால் 2017 மார்ச் 31ஐக் கெடுவாக வைத்து வந்த டிஜிட்டல் மாற்றம் எங்கள் கன்ட்ரோல் ரூமையே பொருளற்றதாக்கியது. முன்பு மாடுலேட்டர் என்னும் சிக்னல் சேர்க்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு காலியான அலைவரிசையில் எங்கள் சேனலைச் சேர்த்துவிடுவோம், இப்போது எம்.எஸ்.ஓ., அதாவது பல சேனல்களைத் தொகுத்து எங்களைப் போன்ற ஊர்க் கேபிள்காரர்களுக்குத் தரும் பெரிய நிறுவனம், அனுப்பும் பூட்டப்பட்ட சிக்னலை வீடுகளுக்குக் கடத்துவது மட்டுமே எங்கள் வேலை. 2022 நவம்பரில் வெளியான மத்திய அரசின் நெறிமுறைகளும் உள்ளூர்ச் சேனல் நடத்தும் அனுமதியை எம்.எஸ்.ஓ.க்களுக்கே வழங்கின. சேனல் ஒன்றுக்கு ஒருமுறைக் கட்டணம் 1,000 ரூபாய்தான். உள்ளூர்ச் செய்தி தர வேண்டுமானால் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பதை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் அவதூறுப் புகார் எழுந்தால் இரு தரப்புக்கும் அதுவே சாட்சி.

2025 ஜனவரி முதல் எங்களைப் போன்றோருக்கு 5,000 ரூபாயில், ஐந்தாண்டுக்கு, இந்தியா முழுமைக்கும் செல்லும் இணையவழிப் பதிவு கிடைக்கிறது. நாடு முழுவதும் இணைப்புக் கொடுக்கத் தகுதியுள்ளவரென ஒருவரை ஏற்கும் அரசு, சொந்த ஊருக்குக் கொப்பரை விலை சொல்லும் உரிமையையும் அதே பொறுப்புகளுடன் அவருக்கு வழங்க வேண்டும்.