பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் கல்லறைப் படம் வேண்டும்

வணக்கம். டெக்சாஸ் நண்பர்கள் யாராவது வோர்த்தம் பக்கம் போவீர்களா? டல்லாஸுக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர். ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனைப் புதைத்தது அங்கேதான். கண் தெரியாதவர், டல்லாஸ் தெருக்களில் கிட்டாரோடு பாடியவர். 1926 முதல் பாரமவுண்ட் வெளியிட்ட அவருடைய இசைத்தட்டுகள் அப்படி விற்றன. 1929 டிசம்பரில் சிகாகோவில் இறந்தார். என் கல்லறையைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று பாடிய மனிதருக்கு 1967 வரை அங்கே ஓர் அடையாளமும் இல்லை. மனசு ஆறவே இல்லை எனக்கு. இப்போதுள்ள கல் 1997இல் வைத்தது. அந்தப் பாட்டு வரியையே அதில் பொறித்திருக்கிறார்கள்.

எழுத்து தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், அப்புறம் சுற்றிலும் இடம் எப்படி இருக்கிறது என்று இன்னொன்று எடுத்துத் தர முடியுமா? அவரைப் பற்றி எழுதிவரும் கட்டுரைக்காகக் கேட்கிறேன். எடுத்தவர் பெயரோடுதான் போடுவேன்.