புதுப்பிப்பு: படம் ஒட்டாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, என் வேர்ட்பிரஸ் தளத்தில் பாம்பன் மீன்விலைப் பதிவுகளின் தலைப்பை மாற்ற பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டினால் முகப்புப் படம் வைத்தவை மட்டும் 404, செல்லாத இணைப்பு எண் (பதிவோடு இணைத்த படத்தின் எண்) என்ற பிழையோடு திரும்பி வருகின்றன என்று, அது சரியாகிவிட்டது. படக் கோப்பில் கோளாறே இல்லை. மூன்று நாள் மண்டபத்தில் உட்கார்ந்து படங்களைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றியதெல்லாம் வெட்டி வேலை.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (வெளி நிரல்கள் தளத்தோடு பேசும் முறை) வழியாகப் பதிவைக் கேட்டால் வேர்ட்பிரஸ் அந்தப் படத்தை முகவரி, தலைப்பு எல்லாம் சேர்ந்த ஒரு மூட்டையாகத் தருகிறது, ஆனால் திருத்தி அனுப்பும்போது வெறும் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறது. நான் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன்! வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழி அதை எண்ணாக்கினால் 1 வரும், 1ஆம் பதிவை எப்போதோ அழித்துவிட்டேன், அதனால்தான் பிழை. அழிக்காதவர்களுக்கு இன்னும் மோசம்: பிழையே வராது, ஆனால் 1ஆம் பதிவு படம் இல்லை என்பதால் முகப்புப் படம் மட்டும் சத்தமில்லாமல் கழன்றுவிடும். தொண்டியில் இருக்கும் மச்சானின் தளத்தில் நடந்தது அதுதான், பாவம், அவன் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்த என்னைத் திட்டினான்.

சரி, இப்போது அனுப்புவதற்கு முன் மூட்டையிலிருந்து அட்டாச்மென்ட் ஐடியை (அந்த இணைப்பு எண்ணை) மட்டும் எடுத்து அந்த இடத்தில் வைக்கிறேன், ஒரே ஒரு வரி. படமில்லாத பதிவுகளை அப்படியே விட்டுவிட்டேன். மச்சானுடைய படங்களை மட்டும் கையால் திரும்ப ஒட்ட வேண்டியிருக்கிறது.