ஒக்கி வாரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரி

தக்கலைப் பக்கம், டயாலிசிஸ் டெக்னீஷியன்:

பக்கத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்ததைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை அடித்த ஒக்கி புயலிலிருந்து தொடங்குகிறேன்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. காலையில் டூட்டிக்குப் போகும் வழியெல்லாம் ரப்பரும் தெங்கும் சாய்ந்து கிடந்தன. போஸ்ட் முறிந்து கம்பி ரோட்டில் கிடந்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஐசியூவுக்கும் தியேட்டருக்கும் போதும், டயாலிசிஸ் (சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தை மெஷினால் சுத்திகரிப்பது) யூனிட்டை இழுக்காது. அது எங்களுக்கு முன்பே தெரியும். ஒன்றிரண்டு மணி நேர கரண்ட் கட்டுக்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் என்றால், நிமிஷத்துக்கு 500 மில்லி கணக்கில் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஓட வேண்டும். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஓடாது, மெஷினும் ஓடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை செய்கிறவர்கள் ஒரு தடவை தவறவிட்டாலே நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் இதயம் முன்னறிவிப்பு தராமல் நின்றுவிடலாம்.

அந்த வாரம் இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனால் முற்றம் முழுக்க இளநீரும், விளையெல்லாம் சாய்ந்த வாழையும் கிடந்தன. தாகத்துக்கு எல்லாரும் இளநீர் குடித்தார்கள், பசிக்கு மட்டிப் பழம் தின்றார்கள். சுகமாக இருப்பவர்களுக்கு அது நல்லதுதான். எங்கள் நோயாளிகளுக்கு இரண்டுமே பொட்டாசியம். வெள்ளிக்கிழமை காலை ஒருவர் கால் தளர்ந்து, மகன் தோளில் சாய்ந்து வந்தார். "ரெண்டு கருக்குதான் குடிச்சேன் மக்ளே, வேற தண்ணி இல்ல" என்றார். கருக்கு என்றால் எங்கள் ஊரில் இளநீர். ஈசிஜி எடுத்தபோது என் கை நடுங்கியது.

மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி. பெரிய ஜெனரேட்டர், சொந்தக் கிணறு, ஆனால் மெஷின் நாலுதான். சாதாரண நாளில் அவர்களுக்கும் எங்களுக்கும் நோயாளிக்காகப் போட்டி என்றே சொல்லலாம். செல்போன் டவர் விழுந்து கிடந்ததால் பைக்கில் நேரே போனேன். அங்கே யூனிட் பொறுப்பில் இருந்த அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ஆளுவளக் கொண்டு வா மக்ளே. மூணாவது ஷிப்ட் ராத்திரி ஓட்டுகோம். டயலைசரும் டியூபும் நீங்க கொண்டு வரணும், எங்ககிட்ட நாலு நாளைக்குத்தான் இருக்கு. டீசலுக்கும் வழி பாருங்க." டயலைசர் என்பது ரத்தத்தை வடிகட்டும் குழல்.

எல்லாருக்கும் முறை வரவேண்டும் என்பதற்காக இரண்டு டாக்டர்களும் பேசி நாலு மணி நேரத்தை மூன்றாகக் குறைத்தார்கள். கால் தளர்ந்து வந்தவருக்கு மட்டும் முழு நாலு மணி. நான் முந்தின ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள் கையால் எழுதினேன்: டிரை வெயிட் (மிகுதி நீர் இறங்கிய பின் இருக்க வேண்டிய எடை), ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அளவு, ஊசி போடும் ரத்தக்குழாய் இணைப்பான பிஸ்டுலா எந்தக் கையில், மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனை முடிவு. கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் அன்றைக்கு இல்லாததற்குச் சமம். மெஷின் கடன் கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால், அந்த அக்காவுக்கு அவர்கள் யாரோ எவரோ. எத்தனை லிட்டர் எடுக்கலாம் என்றே தெரியாமல் ஊசி போட வேண்டியிருக்கும்.

ஒருவருக்கு ஹெப்படைட்டிஸ் பி, ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமி. அவருக்குத் தனி மெஷின் வேண்டும், அங்கே அப்படி ஒன்று இல்லை. கடைசியில் எங்களிடம் அவருக்கென்று இருந்த மெஷினையே தார்ப்பாய் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் இரண்டு இடத்தில் மரம் அறுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்டோவைக் கையால் தள்ளி விட்டார்கள்.

மார்த்தாண்டம், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்:

அந்தத் தாளைப் பற்றி எழுதினீர்களே, சரியான பேச்சு. வெளுப்பதற்கு முன்னால் ரப்பர் வெட்டப் போன ஒருவரைக் கட்டுவிரியன் கடித்தது. முதலில் போன சின்ன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருந்தது, வென்டிலேட்டர் இல்லை. கண் இமை விழத் தொடங்கியதுமே டாக்டர் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போன் போட்டார். மீதி மருந்துக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்தியபடி சிஸ்டரே வண்டியில் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது.

இன்னொரு தடவை இதற்கு நேர் எதிர். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். "ரெஃபர்" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கொடுத்து ஒரு பெரியம்மாவை ஏற்றிவிட்டார்கள். இரண்டு வாசலில் பெட் இல்லை என்று திருப்பினார்கள். அந்தப் பெரியம்மா வண்டியில் என் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தார். அது இன்னும் மனசில் கிடக்கிறது.

நாகர்கோவில், ஸ்டாஃப் நர்ஸ்:

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. மகேந்திரகிரி இஸ்ரோவிலிருந்து திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போய்க்கொண்டிருந்த நேரம். ஆனால் எங்களைப் போன்ற சின்ன இடங்களில் டேங்க் கிடையாது, எல்லாம் சிலிண்டர்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள ஆஸ்பத்திரி ஆறு ஜம்போ சிலிண்டர் அனுப்பியது. இறக்கிய பிறகுதான் பார்க்கிறோம், வால்வு திறக்கும் சாவி வரவில்லை! எங்கள் ஒரே சாவி கீழ் வார்டில். அட்டெண்டர் அண்ணன் மாடிப்படியில் ஓடிய ஓட்டம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு சிலிண்டர் கொடுத்தாலும் வாங்கினாலும் சாவியும் ரெகுலேட்டரும் கழுத்தில் கட்டித்தான் அனுப்புகிறோம்.

குளச்சல், நோயாளியின் மனைவி:

எங்க வீட்டுக்காரருக்கும் அப்போ டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது, வேறு ஆஸ்பத்திரியில். இளநீர் குடிக்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. நல்லவேளையாக வீட்டில் கிணறு இருந்தது. ஒன்று கேட்கட்டுமா, தங்கச்சி? வேறு இடத்தில் செய்தால் பைசா யாருக்குக் கட்டினார்கள்? இரண்டு பில் வந்திருந்தால் எங்களைப் போன்றவர்கள் போயிருக்கவே மாட்டோம்.

தக்கலைப் பக்கம், டயாலிசிஸ் டெக்னீஷியன்:

அக்கா, ஒரே பில்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கட்டும் தொகையை எங்களிடமே கட்டினார்கள். டீசலையும் மருந்தையும் இரண்டு ஆஸ்பத்திரியும் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டன. முதல் நாளே அதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு. பில்லுக்குப் பயந்து இரண்டு பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், ஆள் அனுப்பித்தான் கூட்டி வந்தோம்.

இளநீர் விஷயம், இப்போது ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் வாயால் சொல்கிறேன்.

ஒன்பதாம் நாள் கரண்ட் வந்தது. மறுநாள் அதே லோடு ஆட்டோவில் மெஷின் திரும்பி வந்தது. கூடவே மிஞ்சிய டயலைசர் பெட்டியும், நான் எழுதிக் கொடுத்த தாள்களும். ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் அந்த அக்கா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: எத்தனை கிலோ இறங்கியது, பிபி எவ்வளவு, எப்போது தலைசுற்றியது. கால் தளர்ந்து வந்தவருடைய தாளில் கடைசி வரி, "நடந்தே வண்டி ஏறினார்."