புதுப்பிப்பு: வேல்ஸ் கிராமத்து வீட்டில் தங்கிவிட்டு வந்தோம்

அம்மாவோடும் குழந்தைகளோடும் வேல்ஸ் கிராமப்புறத்தில் தங்க எந்தப் பக்கம் நல்லது என்று கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி பிரெக்கன் என்ற ஊர் அருகே ஒரு பழைய கல்வீடு எடுத்தோம். அருமை!

செல்போன் சிக்னல் சுத்தமாக இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 886 மீட்டர் உயர பென்-அ-வான் மலையில் பிள்ளைகள் சளைக்காமல் ஏறினார்கள். அம்மா விறகடுப்பை விட்டு நகரவில்லை. தோசைக்கல் போன்ற இரும்புக்கல்லில் சுட்ட வெல்ஷ் கேக், உள்ளே உலர்திராட்சை, ஓரம் லேசாக முறுகி, மேலே சர்க்கரை தூவி... சூடாகச் சாப்பிட வேண்டும்.

மழை விட்ட இரவில் பால்வீதி தெளிவாகத் தெரிந்தது. 2013 முதல் அந்தப் பகுதி இருண்ட வான் காப்பகம், அதாவது செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைப் பாதுகாக்கும் இடம்.

அப்புறம், பெரியவர்களோடு போகிறவர்கள் கீழ்த்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். இந்தப் பழைய வீடுகளில் மாடிப்படி ரொம்பச் செங்குத்து.