2014 டஸ்டர் டீசல், 64,000 கி.மீ. தான் ஓடியிருக்கு: டைமிங் பெல்ட் இப்பவே மாத்தணுமா?

மஞ்சக்காட்டான் (ஈரோடு):
வணக்கம். போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல டஸ்டர் எடுத்தேன். 2014 மாடல், 1.5 டீசல், 85 பிஎஸ். முதல் ஓனர் ஒரு டாக்டர். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓட்டினவர், அதான் 64,000 தான் ஆகியிருக்கு. சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டுக் கொடுத்தார். ஆயில் இருக்கு, பிரேக் பேட் இருக்கு, வைப்பர் மாத்தினது கூட இருக்கு. பிஸ்டனும் வால்வும் தாளம் தப்பாம ஓட வைக்கிற டைமிங் பெல்ட்னு ஒரு வரி கூட இல்ல. கேட்டா, "அதெல்லாம் லட்சத்துல பாத்துக்கலாம் தம்பி"ங்கறார்.

இங்க ஒரு மெக்கானிக் மேல் கவரை லேசா நெம்பி, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "வெடிப்பே இல்ல, கெடக்கட்டும்"னுட்டார். அடுத்த மாசம் அம்மா, குழந்தைங்களோட திம்பம் வழியா மைசூர் போறோம். போயிட்டு வந்து மாத்தலாமா? பெல்ட் அறுந்து போறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் கித்தம் கொடுக்குமா?

ஸ்விஃப்ட்_செல்வம்:
டஸ்டர்ல பெல்ட் இல்ல, செயின் தானே ப்ரோ? என் ஸ்விஃப்ட் டீசல் 1.8 லட்சம் ஓடிருச்சு, இன்னும் தொட்டதே இல்ல.

கிரீஸ்கை (கோவை):
செல்வம், உங்க வண்டியில இருக்கிற 1.3 டீசல்ல செயின். இது வேற எஞ்சின், கே9கே. இதுல பெல்ட். கேள்வி கேட்டவரைக் குழப்பாதீங்க.

மஞ்சக்காட்டான், நான் இருபது வருஷமா இதே வேலைதான். நேரா சொல்றேன்: மாத்திட்டு மலை ஏறுங்க.

எல்லாரும் கிலோமீட்டரையே பாக்கறாங்க, வருஷத்தை மறந்துடறாங்க. பெல்ட்ங்கறது ரப்பர், உள்ள கண்ணாடி இழை நூல். வண்டி ஷெட்ல நின்னாலும் ரப்பருக்கு வயசாகும். டாக்டர் வண்டி இன்னும் மோசம். தினமும் நாலு கிலோமீட்டர், சூடு, ஆறல், மறுபடி சூடு. மீட்டர் ஏறாது, பெல்ட் கெழடாகும். சர்வீஸ் புக்லயே இத்தனை கி.மீ. அல்லது இத்தனை வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னுதான் போட்டிருக்கும். எங்க பட்டறையில இந்த எஞ்சினுக்கு 80,000 கி.மீ. அல்லது அஞ்சு வருஷம் தாண்டி யாரையும் விடறதில்ல. உங்களுது பதினோரு வருஷப் பெல்ட்.

வெடிப்பு இல்லன்னு சொன்னதை நம்பாதீங்க. அந்தக்கால பெல்ட்ல முதுகு வெடிச்சுக் காட்டிக் கொடுக்கும். இப்ப வர்ற ரப்பர் கடைசி வரைக்கும் பளபளன்னு இருக்கும், உள்ள நூல் தளர்ந்திருக்கும், இல்ல பல்லு அடியில கிழிய ஆரம்பிச்சிருக்கும். மேல் கவரை நெம்பினா தெரியறது ஒரு சாண் பெல்ட். மீதி?

சத்தம் கேட்டீங்களே, பெரும்பாலும் கொடுக்காது. சத்தம் வந்தா அது டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பா வச்சிருக்கிற உருளை) பேரிங், இல்லன்னா வாட்டர் பம்ப். அதனாலதான் பெல்ட் மட்டும் மாத்தாதீங்கன்னு சொல்றது. வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுத்துது. பம்ப் இறுகினா புதுப் பெல்ட்டையும் கொண்டு போயிடும். எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, வலது பக்க மவுண்டைக் கழட்டித்தான் உள்ள போக முடியும், கூலி மொத்தமும் அதுக்குத்தான். ஒரே கூலியில பெல்ட், டென்ஷனர், பம்ப், புது கூலண்ட் எல்லாம் முடிச்சுடுங்க.

காவேரிக்கரை:
எனக்கு அறுந்தது. வேற கம்பெனி டீசல், ஆனா கதை ஒண்ணுதான். கிருஷ்ணகிரி தாண்டி 80ல போறேன், சத்தமே இல்லாம எஞ்சின் நின்னுச்சு. ஓரங்கட்டி செல்ஃப் அடிச்சா, ஸ்டார்ட்டர் வழக்கத்தை விட லேசா, விர்ருனு சுத்துது. பிடிமானமே இல்ல. அந்தச் சத்தம் இன்னும் காதுல நிக்குது. வால்வு எல்லாம் வளைஞ்சு போச்சு, எஞ்சின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி முழுசும் மாத்தினோம். அந்தப் பில்லுல பெல்ட் செட் நாலஞ்சு வாங்கியிருக்கலாம். தயவுசெஞ்சு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க, நான் அடிச்சேன்.

கொடிகாமம்_அண்ணை:
என்ர கரோலா 110, 5ஏ பெற்றோல் எஞ்சின். பெல்ற் அறுந்து நடு ரோட்டில நிண்டது. கராஜ்க்கு இழுத்துக்கொண்டு போய்ப் புதுசு போட்டவுடன ஸ்டார்ட் வந்திட்டுது. ஒரு வால்வும் வளையேல்லை. எல்லாரும் சும்மா பயப்பிடுத்துறியள் எண்டு நினைக்கிறன்.

கிரீஸ்கை:
அண்ணை, உங்க எஞ்சின்ல பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் திறந்த வால்வைத் தொடாது, இடம் விட்டுச் செஞ்சிருக்காங்க. அதனால தப்பிச்சீங்க. டீசல்ல காத்தை அவ்வளவு நெருக்கி அழுத்தணும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இடமே கிடையாது. கிராங்க் (பிஸ்டன் சுத்தற தண்டு) ரெண்டு சுத்து சுத்தினா கேம் (வால்வைத் திறக்கற தண்டு) ஒரு சுத்து. அந்தக் கணக்கு தப்பினா வால்வு பிஸ்டன் தலையில மோதும். இவர் வண்டியில எட்டு வால்வு.

மஞ்சக்காட்டான், இன்னொண்ணு. வெளிய ஆல்டர்னேட்டர், ஏசியை ஓட்டுதே, நாம ஃபேன் பெல்ட்ங்கறோமே, அதையும் சேர்த்து மாத்துங்க. இந்த எஞ்சின்ல அது ஓரம் பிஞ்சு, நூல் கிராங்க் புல்லி பின்னாடி சுருண்டு உள்ள போய், நல்ல டைமிங் பெல்ட்டையும் தள்ளிவிட்டுடும். பூட்டின பிறகு செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்பேனர் போட்டு கையாலயே கிராங்கை ரெண்டு முழுச் சுத்து சுத்தி, டைமிங் பின் (கிராங்க், கேம் நிலையைப் பிடிச்சு வைக்கிற கம்பி) திரும்ப அதே ஓட்டையில உக்காருதான்னு பாக்கச் சொல்லுங்க. நீங்களும் பக்கத்துல நின்னு பாருங்க. பின் இல்லாம பெயிண்ட் குறி வச்சே பூட்டறேன்னு யாராவது சொன்னா சாவியைத் திருப்பி வாங்கிக்கங்க.

மஞ்சக்காட்டான்:
முடிஞ்சுது. நேத்து முழு நாள் பட்டறையிலதான் உக்காந்திருந்தேன். பழைய பெல்ட் பாக்க நல்லாத்தான் இருந்தது, கிரீஸ்கை அண்ணன் சொன்ன மாதிரியே. டென்ஷனர் ரோலரைக் கையில வச்சு விரலால சுத்தினா, மணல் அரைக்கிற மாதிரி கரகரன்னுச்சு. வாட்டர் பம்ப் கீழ கூலண்ட் காஞ்சு ஒரு கோடு. ஆனா நான் அசந்து போனது ஃபேன் பெல்ட்டைப் பாத்துதான்: ஓரத்துல ஒரு நூல் பிரிஞ்சு, விரல் நீளத்துக்குப் புல்லி பின்னாடி சுத்திக் கெடந்தது. மெக்கானிக் அதை இடுக்கியால இழுத்துக் காட்டினப்ப வயித்தைக் கலக்கிடுச்சு.

டைமிங் பின் ரெண்டாவது சுத்துல சரியா உக்காந்தது, பாத்துட்டேன். மொத்தம் பதினஞ்சாயிரத்துக்குக் கொஞ்சம் மேல. வீட்டுல பன்னெண்டுன்னு சொல்லியிருக்கேன்.

கிரீஸ்கை:
நல்லது. தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானெட் உள்பக்கம் ஒட்டினீங்களா?

மஞ்சக்காட்டான்:
ஒட்டிட்டேன் அண்ணா. 64,870. அடுத்து வாங்கறவன் என்னை மாதிரி அலைய வேண்டாம்.