அப்பரை நடக்க வைத்தது துணிவா, சூலையா?

கெடிலக்கரை:
பாடலிநகர் ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "சுய விருப்பம் என்பது மனிதனுக்கு இறைவன் கொடுத்த வரம். நம் திருப்பாதிரிப்புலியூரே அதற்குச் சாட்சி. இங்கே சமண மடத்தில் தருமசேனராக இருந்த அப்பர், தாமே முடிவெடுத்துச் சமணத்தை விட்டுத் திருவதிகைச் சிவன் கோயிலுக்குப் போனார்" என்று எழுதியிருந்தார். கீழே ஆளாளுக்குக் கைகூப்பியிருக்கிறார்கள்.

தாமே முடிவெடுத்தாரா? பெரியபுராணத்தை எடுத்துப் பாருங்கள். அப்பரின் அக்கா திலகவதியார் தம்பியை நினைத்து அழுது வேண்டுகிறார். கனவில் சிவன் வந்து, கவலையை விடு, அவனைச் "சூலை மடுத்தாள்வம்" என்கிறார். சூலை என்ற கொடிய வயிற்று வலியைக் கொடுத்து ஆட்கொள்வோம் என்று அர்த்தம். ஒரு மனிதன் வயிற்றில் நெருப்பை வைத்து வரவழைத்துவிட்டு, அவனே விரும்பி வந்தான் என்பது எந்த ஊர் நியாயம்?

எனக்கு இது பட்டிமன்றம் இல்லை. என் தம்பி குடித்தே செத்தான். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால் புதுச்சேரி எல்லையில் கன்னியக்கோவில் மதுக்கடை எவ்வளவு பக்கம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கடவுள் அவனுக்கும் சுய விருப்பத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினார். அது வரம் என்று யாராவது என் அம்மாவிடம் வந்து சொல்லுங்கள்.

பாடலிநகர்:
அக்கா, உங்கள் துக்கத்துக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சூலை வந்த பிறகு நடந்தது என்ன? அப்பர் தம் சமையல்காரனைத் திலகவதியாரிடம் அனுப்பினார். சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று திலகவதியார் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் சமணத் துறவிக் கோலத்தையே விட்டார்: உடுத்திய பாயை விட்டார், உறியில் தொங்கிய நீர்க்குண்டிகையை விட்டார், மயிற்பீலியை விட்டார். "போவதற்குத் துணிந்தெழுந்தார்" என்கிறார் சேக்கிழார். துணிந்து எழுந்தார். இழுபட்டார் என்று எழுதவில்லை. அவருக்கென்ன சொல் பஞ்சமா?

முதுநகர்:
சுய விருப்பம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே. ஆசைப்படுவதா, தீர்மானிப்பதா, செய்து முடிப்பதா? சைவ சித்தாந்தமே இச்சை, ஞானம், கிரியை, அதாவது விருப்பம், அறிவு, செயல் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசினால் விடிய விடியப் பேசலாம்.

கெடிலக்கரை:
முதுநகர், அது அப்புறம். பாடலிநகர், துணிந்தெழுந்தார், சரி. எப்போது துணிந்தார்? சூலைக்கு முன்னால் ஏன் துணியவில்லை? வலி இல்லாத வரைக்கும் அந்தப் பாயும் பீலியும் அவருக்குப் பிடித்துத்தானே இருந்தன? திருவதிகையில் பாடிய முதல் பாட்டிலேயே அவர் சொல்கிறார்: "குடரோடு துடக்கி முடக்கியிட ஆற்றேன்." குடலைக் கட்டி முடக்கிப் போட்டிருக்கிறது, தாங்கவில்லை என்கிறார். தாங்க முடியாதவன் எங்கே தேர்ந்தெடுப்பது? சூலைதான் அவரை எழுப்பியது.

பாடலிநகர்:
அதே பாட்டில் "இரவும் பகலும் பிரியாது வணங்குவன் எப்பொழுதும்" என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்? வலி தாங்காதவன் மருந்து கேட்பான், மந்திரம் கேட்பான். வணங்குவன் என்பது அவர் எடுத்த முடிவு. துணிந்தெழுந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லுங்கள் அக்கா.

சம்பாகோவில்:
புதுச்சேரியிலிருந்து ஒரு வார்த்தை. வற்புறுத்தி வாங்கிய அன்பு அன்பு ஆகாது. சேவல் கூவுமுன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் இயேசு முன்பே சொன்னார். வாயைப் பொத்தித் தடுக்கவில்லை. அப்படித் தடுக்காமல் விட்டதுதான் மனிதனுக்குக் கடவுள் கொடுத்த மரியாதை. என்னைப் பொறுத்தவரை சுய விருப்பம் வரம்தான்.

கெடிலக்கரை:
சரி, எகிப்து மன்னன் பார்வோன்? பைபிளின் யாத்திராகமத்தில் "பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்" என்று கர்த்தரே சொல்கிறாரே. கடினப்படுத்தியதும் அவர், தண்டித்ததும் அவர். அங்கே மரியாதை எங்கே போனது?

சம்பாகோவில்:
ஆரம்பத்தில் வாதைகளாகத் தவளை வந்தபோதும் வண்டு வந்தபோதும் பார்வோன் தன் இருதயத்தைத் தானேதான் கடினப்படுத்திக்கொண்டான். கொப்புளங்கள் வந்த பிறகுதான் கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. அவன் போன வழியிலேயே அவனை விட்டார். முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கெடிலக்கரை:
நான் முழுதாகத்தான் படித்திருக்கிறேன். எகிப்தை விடுங்கள், திருவதிகைக்கு வாருங்கள். அப்பரை அவர் போன வழியில் விடவில்லை. சூலை கொடுத்துத் திருப்பினார். என் தம்பியை மட்டும் ஏன் அவன் போன வழியில் விட்டார்? நான் கேட்பது அவ்வளவுதான். இழுத்ததற்குப் பெயர் அருள் என்றால், இழுக்காமல் விட்டதற்குப் பெயர் என்ன?

மேல்சித்தாமூர்:
நான் தமிழ்ச் சமணன். இந்த விவாதத்தில் எங்கள் மடம் என்னமோ சிறைச்சாலை மாதிரியும், அப்பர் தப்பித்து ஓடியது மாதிரியும் எல்லோரும் எழுதுகிறீர்கள். திருப்பாதிரிப்புலியூரின் பழைய பெயரான பாடலிபுரத்தில்தான் சர்வநந்தி என்ற சமண முனிவர் கி.பி. 458ஆம் ஆண்டில் லோகவிபாகம் எழுதி முடித்தார். உலகத்தின் அமைப்பைப் பற்றிய நூல். அப்பேர்ப்பட்ட படிப்பு நடந்த இடம் அது. தருமசேனர் அங்கே யாரும் பிடித்துக்கொண்டு போய் வைத்த ஆள் இல்லை. தாமே வந்து, படித்து, தலைமைக்கு உயர்ந்தவர். அவருடைய சுய விருப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் உள்ளே வந்ததைப் பேசுங்கள். அப்போது எந்தச் சூலையும் இல்லை.

இன்னொன்று. எங்கள் நெறியில் படைத்துக் கொடுக்கும் கடவுளே கிடையாது. அவரவர் வினை, அவரவர் முயற்சி. கொடுப்பவரே இல்லாதபோது வரம் ஏது, சாபம் ஏது?

பாடலிநகர்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்பரைச் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் போட்டவர்கள் யார், கல்லைக் கட்டிக் கடலில் எறியச் சொன்னவர்கள் யார் என்பதையும் எழுதிவிட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுங்கள்.

மேல்சித்தாமூர்:
எறிந்தது பல்லவ மன்னனின் ஆட்கள். அந்த மன்னன் மதம் மாறிய பிறகு எங்கள் பாழிகளையும் பள்ளிகளையும் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்று அதே பெரியபுராணம் சொல்கிறது. அதையும் கைகூப்பித்தான் படிப்பீர்களா?

முதுநகர்:
இரண்டு பேரும் 2 வருடத்துக்கு முன்னால் இதே சண்டையைத்தான் போட்டீர்கள். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நெல்லித்தோப்பு:
எல்லோரும் அப்பரையே பிடித்துத் தொங்குகிறீர்கள். திலகவதியாரைப் பற்றி யாருமே பேசவில்லையே? அப்பா அம்மா இறந்தாயிற்று. பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்தவர், தம்பிக்காக நின்றார். அவருக்கு யாரும் சூலை கொடுக்கவில்லை. வாழ்வதா சாவதா என்று தானே முடிவெடுத்த பெண் அவர். எனக்கு அதுதான் சுய விருப்பம்.

எங்கள் ஊரில் அரவிந்தரையும் பாருங்கள். 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்து இறங்கினார். உள்ளிருந்து வந்த ஆணைப்படி வந்ததாகச் சொன்னார். ஆணை மேலிருந்து வந்தாலும், கீழ்ப்படிவதா வேண்டாமா என்பது மனிதன் கையில்.

முதுநகர்:
ஆணையாவது! அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1909இல் விடுதலையானார், வெள்ளைக்காரன் மறுபடி பிடிக்கக் காத்திருந்தான். பிரெஞ்சு எல்லைக்குள் வந்தால் கை வைக்க முடியாது. சந்தர்ப்பம் தள்ளிக்கொண்டு வந்ததை ஆணை என்று சொல்லாதீர்கள்.

நெல்லித்தோப்பு:
உள்ளே என்ன கேட்டார் என்று கூட இருந்து பார்த்தீர்களா? பாரதி 10 வருடம் எங்கள் ஊரில் இருந்தார். 1918 நவம்பரில் தானே புறப்பட்டார். எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டது உங்கள் ஊர்.

முதுநகர்:
போட்டது வெள்ளைக்காரன். ஊர் என்ன செய்யும்?

நெல்லித்தோப்பு:
குடிக்க மட்டும் எங்கள் எல்லை வேண்டும், பேச வந்தால் மட்டும் நாங்கள் இளக்காரம். நல்லா இருக்கிறது.

கெடிலக்கரை:
அந்த எல்லையைப் பற்றி நான் சொல்கிறேன், கேளுங்கள்.

என் தம்பிக்கும் வயிற்று வலிதான். கணையம் வீங்கியிருக்கிறது, குடியால் வந்தது என்றார்கள். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு தரையில் படுத்திருப்பான். பாயில் படுக்க மாட்டான், சிமென்ட் தரை சில்லென்று இருக்கும் என்பான். எச்சில் ஒழுகிய இடத்தில் எறும்பு மொய்க்கும். அம்மா அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். வலி விட்டதும், இனிமேல் தொட மாட்டேன் என்று என் மகன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது உண்மைதான்.

ஒரு தடவை பஸ் ஏறிப் போனவன் ரெட்டிச்சாவடியிலேயே இறங்கிவிட்டான். திரும்ப வர டிக்கெட்டுக்குக் காசு வைத்திருந்தும் நடந்தே வந்தான். வார் அறுந்த செருப்பு கையில். "அக்கா, திரும்பிட்டேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்தான். அன்றைக்குத் திருவதிகைக்குப் போய் விளக்குப் போட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே இறங்கி வந்தான். மூன்றாம் தடவை இறங்கவில்லை.

பாடலிநகர், அந்த இரண்டு தடவையும் அவன் துணிந்துதான் எழுந்தான். உங்கள் சொல் அவனுக்கும் பொருந்துகிறது. அப்பருக்குச் சூலை, அவனுக்கும் சூலை. பிறகு ஏன் ஒருவர் நாயனார், ஒருவன் பிணம்?

பாடலிநகர்:
அக்கா, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது. சூலை ஒன்றுதான், எழுந்தவர்கள் வேறு. சூலைதான் எழுப்பியது என்றால் இரண்டு பேருமே கரையேறியிருக்க வேண்டுமே? கடைசிவரை எழுந்து நின்றவர் அப்பர். பிறகு கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தார்களே, அப்போது சூலை எங்கே இருந்தது? நோய் தீர்ந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் மன்னன் விட்டிருப்பான். "நற்றுணையாவது நமச்சிவாயவே" என்று பாடினார். கரையேறிய இடம் இன்றைக்கும் நம் வண்டிப்பாளையம் பக்கத்தில் இருக்கிறது. அது வலி பேசிய பேச்சா?

கெடிலக்கரை:
அதற்குள் ஆட்கொண்டாகிவிட்டதே! பிடித்துக்கொண்ட கை விடாது என்று தெரிந்தவருக்கு என்ன பயம்? பிடித்தது யார் என்பதுதான் கேள்வி. சூலை. நான் மறுபடியும் சூலைக்குத்தான் வருவேன்.

பாடலிநகர்:
நானும் மறுபடி துணிந்தெழுந்தாருக்குத்தான் வருவேன். மனதில் உள்ளதைச் சொல்லியும் விடுகிறேன். திலகவதியார் வரமாட்டேன் என்று உறுதியாகச் சொன்னார். அதனால்தான் தம்பி எழ வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை பஸ்ஸுக்கும் கடைக்கும் உங்கள் தம்பிக்குக் காசு கொடுத்தது யார்? போன வருடம் நீங்களே இங்கே எழுதியிருக்கிறீர்கள், 200 ரூபாய் நானே கொடுத்தேன் என்று. அது யாருடைய விருப்பம்? அதற்கும் கடவுளையா சாபம் விடுவீர்கள்?

நெல்லித்தோப்பு:
சீ. மனுஷன் பேசுகிற பேச்சா இது?

சம்பாகோவில்:
வரம் என்ற பக்கம்தான் நானும் நிற்கிறேன். அதற்காக இப்படிப் பேசுபவரோடு சேர்த்து என்னை எண்ண வேண்டாம்.

முதுநகர்:
பாடலிநகர், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

பாடலிநகர்:
எதற்கு எடுக்க வேண்டும்? அவர் எழுதியதைத்தான் எழுதினேன். கேள்வி கடுமையாக இருக்கலாம், தப்பு இல்லை.

கெடிலக்கரை:
எடுக்க வேண்டாம், இருக்கட்டும். நான்தான் கொடுத்தேன்.

அன்று காலையில் அவன் கை ஆடிய ஆட்டம் உங்களுக்குத் தெரியாது. டம்ளரில் தண்ணீர் கொடுத்தால் வாய்க்குப் போகுமுன் பாதி சட்டையில். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று இல்லாத பூச்சியைத் தட்டினான். பல வருடம் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கூட்டிக்கொண்டு போன இடத்தில் படுக்கை இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். அன்று சனிக்கிழமை. அடுத்த மூச்சுக்கு வழியில்லாதவனிடம் நான் என்ன சொல்வேன், மயிற்பீலியைப் போட்டுவிட்டு எழுந்து வா என்றா? கொடுத்தேன்.

அது என் விருப்பமா என்று கேட்கிறீர்கள். ராத்திரி நானும் கேட்டுக்கொள்கிறேன். கொடுத்தாலும் சாவான், கொடுக்காவிட்டாலும் சாவான் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று விட்டார் பாருங்கள், அதைத்தான் சாபம் என்கிறேன். திலகவதியார் வரமாட்டேன் என்று சொல்லும்போது அவருக்குக் கனவு வந்திருந்தது. தம்பியை ஆள்வோம் என்று இறைவனே சொல்லிவிட்டான். முடிவு தெரிந்தவர் உறுதியாக நிற்கலாம். எனக்குக் கனவு வரவில்லை.

மேல்சித்தாமூர்:
அம்மா, உங்களை நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் யாரோ உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று நினைப்பதால்தான் இவ்வளவு வலி. நிறுத்த ஆள் இல்லை என்பது எங்கள் பக்கம்.

பாடலிநகர்:
ஆள் இல்லை என்று சொல்லும் இவருக்குத் தேவாரத்தில் என்ன வேலை?

மேல்சித்தாமூர்:
என் மடத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு வேலை இருக்கிறது.

முதுநகர்:
இச்சையா, ஞானமா, கிரியையா என்று கேட்டேன். அதை மட்டும் யாரும் தொடவில்லை.

பாடலிநகர்:
அக்கா, உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கனவு வந்தது திலகவதியாருக்கு. நோயோடு கிடந்த தருமசேனருக்குக் கனவு வரவில்லை. இறைவன் என்ன நினைத்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் ராத்திரியில், கை கொடுத்தவர்களை ஊன்றிக்கொண்டு திருவதிகை வரை போனார். துணிந்தெழுந்தார். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கெடிலக்கரை:
கை கொடுத்தவர்களை ஊன்றிக்கொண்டு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருக்குக் கை கொடுக்க ராத்திரியிலும் ஆள் இருந்தார்கள். என் தம்பிக்குச் சனிக்கிழமை ஒரு படுக்கை இல்லை. காலையில் அம்மாவை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இப்போது படுக்கிறேன். நாளை ராத்திரி வருகிறேன். சூலை இல்லாமல் அவர் எழுந்திருப்பார் என்று காட்ட ஒரே ஒரு வரி இருந்தால் எடுத்து வையுங்கள்.